கை இடுப்பில், வேர் எங்கே?

இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, முழங்கைகளைத் துருத்திக்கொண்டு நிற்பதை ஆங்கிலத்தில் 'ஆர்ம்ஸ் அகிம்போ' என்பார்கள். காதில் விழும்போது ஏதோ ஆப்பிரிக்க மொழியிலிருந்து கப்பலேறி வந்ததுபோல் இருக்கும். இல்லை, இங்கிலாந்தில் சுமார் 600 ஆண்டுகளாகப் புழங்கும் சொல் அது.

சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' நூலுக்குப் பிற்காலத்தில் பெயர் தெரியாத ஒருவர் எழுதிச் சேர்த்தது 'பெரின் கதை'. அதில் விடுதிக்காரர் உச்சஸ்தாயியில் ஒரு கத்து கத்திவிட்டுக் கையை இடுப்பில் வைக்கிறார். நமக்குக் கிடைப்பதில் பழைய சான்று இதுதான். சொல்லின் அன்றைய உருவம் 'இன் கெனெபோ'. ஒரு கையைத்தான் வைக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். பிறகு அது 'கெம்போ', 'கிம்போ' என்று தேய்ந்து, முன்னால் ஓர் 'அ'வும் ஒட்டிக்கொண்டது.

சரி, 'கெனெபோ' எங்கிருந்து வந்தது? இங்கேதான் அகராதிக்காரர்களுக்குள் சண்டை. 'கீன்' என்றால் கூர்மை, 'போ' என்றால் வில். ஆகவே கூரிய வளைவு என்கிறது ஒரு கட்சி. கொக்கிபோல வளைந்ததைக் குறிக்கும் பழைய நார்ஸ் சொல்லில் கொண்டுபோய் முடிச்சுப் போடுகிறது இன்னொன்று. குவளையின் கைப்பிடிதான் மூலம் என்கிறது மூன்றாவது. எனக்குப் பிடித்தது இந்தக் கைப்பிடிதான். ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸ், கி.மு. காலத்திலேயே, இப்படி வந்து நிற்பவனைப் பிடி வைத்த பாத்திரமாக்கிக் கிண்டல் செய்திருக்கிறார். பிரெஞ்சுக்காரர்களும் இதை 'இரட்டைப் பிடிப் பானை' என்பதுண்டு. ஆனால் லத்தீனிலும் பிரெஞ்சிலும் உள்ள கேலி, ஆங்கிலச் சொல்லின் பிறப்புக்குச் சாட்சி ஆகாது. வழக்கு இன்னும் முடியவில்லை.

ஐரோப்பிய ஓவியர்களுக்கு இந்த நிலை மிகவும் பிடித்தமானது. லண்டன் வாலஸ் கலெக்‌ஷனில் இருக்கும் பிரான்ஸ் ஹால்ஸின் 'சிரிக்கும் வீரர்' (1624) ஓவியத்தில், பூவேலை செய்த சட்டைக்கையோடு முழங்கை நம்மை இடிக்க வருகிறது. அந்த ஆள் சிரிக்கவில்லை, முறுக்கு மீசையின் வேலை அது. பணமும் மிடுக்கும் உள்ளவர்களின் நிலை இது. 1644-இல் சைகைகளைப் பற்றி நூல் எழுதிய ஜான் புல்வர் இதைத் தற்பெருமை என்று கண்டித்து, மேடைப் பேச்சாளர்கள் செய்யவே கூடாது என்றார்.

இப்போது சொல் கையை விட்டுக் காலுக்கும் போய்விட்டது. 'லெக்ஸ் அகிம்போ' என்றால் கால்களை அகட்டியோ மடக்கியோ இருப்பது. வீடியோ கேம் ஆடுபவர்களிடம் கேட்டால், இரு கையிலும் துப்பாக்கி ஏந்துவதுதான் அகிம்போ என்பார்கள். 2019-இல் டேனியல் ராட்கிளிஃப் நடித்த 'கன்ஸ் அகிம்போ' படத்தில் நாயகனின் கைகள் இரண்டிலும் துப்பாக்கிகளை ஆணியடித்தே மாட்டிவிடுகிறார்கள். இடுப்பில் கை வைக்க அவனுக்கு வழியே இல்லை.