பீரங்கிப் பயிற்சிக் காட்டில் பிழைத்த மரங்கொத்தி

உங்கள் தோட்டத்து மரத்தில் ஓர் அரிய பறவை பொந்து போட்டால், அந்த மரத்தை இனி வெட்ட முடியாது என்று சட்டம் சொன்னால் என்ன செய்வீர்கள்? அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பைன் மரம் வளர்ப்போர் சிலர், பறவை வருவதற்கு முன்பே மரத்தை வெட்டி விற்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

'ரெட் காக்கேடட்' என்ற அந்தச் சிறிய மரங்கொத்தி, பட்ட மரத்தைத் தேடுவதில்லை. அறுபது, எண்பது ஆண்டு கடந்த, உயிருள்ள பைன் மரத்தில்தான் பொந்து குடையும். ஒரு பொந்து முடியச் சில ஆண்டுகள்கூட ஆகும். வாசலைச் சுற்றிக் கொத்திவிட்டு பிசினை வழியவிடும், பாம்பு ஏறாது. முதிர்ந்த மரங்கள் போனதும் பறவையும் குறைந்தது. 1970-இல் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தார்கள்.

எஞ்சிய நல்ல காடுகளில் ஒன்று, ஃபோர்ட் பிராக் ராணுவ முகாமுக்குள் இருந்தது. குண்டு விழுந்து அடிக்கடி தீப்பிடித்ததால் புதர் மண்டவில்லை. நீண்ட ஊசியிலை கொண்ட அந்தப் பைன் இனம் தரைத்தீயைத் தாங்கும். அடியில் புல் செழிக்கும். (நம் வயலில் தாளைக் கொளுத்துவதற்கு இதைச் சாட்சியாகக் காட்டாதீர்கள். அது வேறு மண், வேறு பயிர்.)

பறவைக்காக 1990 வாக்கில் பயிற்சிக்கே கட்டுப்பாடு வந்தது. ராணுவமும் காடு வளர்ப்பில் இறங்கியது. சுமார் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திட்டமிட்டுத் தீ வைத்தார்கள். மரத்தில் செயற்கைப் பொந்துப் பெட்டிகளைப் பதித்தார்கள். ராணுவ நிலங்களில் வனவிலங்கு, மீன்வளப் பராமரிப்புக்காக 1960-இல் வந்த சைக்ஸ் சட்டம் அங்கே உண்டு. முகாமுக்குள் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் வசூலிக்கும் கட்டணத்தை அந்த முகாமின் வனவிலங்கு, மீன்வளத்துக்கே செலவிட வேண்டும் என்பது அதன் விதி. 1997 திருத்தத்துக்குப் பிறகு, மத்திய, மாநில வனவிலங்குத் துறைகளுடன் சேர்ந்து மேலாண்மைத் திட்டம் எழுதுவதும் கட்டாயமானது.

ஆனால் பறவைக்கு முள்வேலி தெரியாது. சுற்றியுள்ள தனியார் நிலமும் வேண்டும். அங்கேதான் விவசாயியின் பயம் குறுக்கே நின்றது.

1995-இல் 'சேஃப் ஹார்பர்' என்ற ஒப்பந்தம் வந்தது. கையெழுத்திடும் நாளில் உங்கள் நிலத்தில் எத்தனை மரங்கொத்திக் குடும்பங்கள் என்று எண்ணிக் குறிப்பார்கள். இரண்டு இருந்தால், உங்கள் பொறுப்பு இரண்டுக்கு மட்டும். காட்டை நன்றாகப் பராமரித்து அது ஐந்தானால், கூடுதல் மூன்றுக்காக உங்கள் கையைக் கட்ட மாட்டார்கள். முன்கூட்டித் தகவல் கொடுத்து, இனப்பெருக்கக் காலம் தவிர்த்து மரத்தை வெட்டலாம்; பறவையை இடம் மாற்ற அதிகாரிகளுக்கு அவகாசம் தர வேண்டும். முதலில் கையெழுத்திட்டது பைன்ஹர்ஸ்ட் என்ற கோல்ஃப் விடுதி. பைன் சருகை வாரி மூடாக்குக்கு விற்போரும் பிறகு சேர்ந்தார்கள்.

என் பார்வையில், தண்டனையைக் கூட்டியிருந்தால் மரம் இன்னும் வேகமாக விழுந்திருக்கும். பொறுப்புக்கு ஓர் எல்லை போட்டதுதான் வேலை செய்தது. பல மாநிலங்களில் நடந்த இத்தகைய முயற்சிகளின் பலனாக, 2024 அக்டோபரில் இந்தப் பறவையை அபாயப் பட்டியலில் ஒரு படி இறக்கினார்கள். நிலத்தை விற்றால், வாங்குபவர் விரும்பினால் அதே ஒப்பந்தத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.