குண்டும் சங்கிலியும்

தமிழில் 'விலங்கு' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று மிருகம், மற்றொன்று கைகால்களில் பூட்டும் தளை. மனிதன் தன்னைப் போன்ற மனிதனுக்குத் தளை பூட்டியபோது அவனை மிருகமாகவே எண்ணினான் போலும்! இரும்புக் குண்டும் சங்கிலியும் சரித்திரத்தில் எவ்வாறெல்லாம் பயன்பட்டன என்பதைச் சற்றுக் காண்போம்.

முதலில் போர்க்களத்திற்குச் செல்வோம். ஐரோப்பிய உழவர்கள் தானியம் அடிக்க ஒரு கருவி வைத்திருந்தனர். நீண்ட கழியின் நுனியில் குட்டையான ஒரு கட்டையைத் தொங்கவிட்டு, அதைச் சுழற்றிக் கதிரை அடிப்பார்கள். இன்றைய செக் நாட்டின் பகுதியான பொஹீமியாவில் 1419 முதல் 1434 வரை நடந்த போர்களில், உழவர்கள் இதையே இரும்பால் வலுப்படுத்தி ஆயுதமாக்கிக் கொண்டனர். கேடயத்தால் தடுத்தாலும் இதன் நுனி வளைந்து அப்பால் சென்று தாக்கும்.

முட்கள் பதித்த இரும்புக் குண்டைச் சங்கிலியில் கட்டி வீரர்கள் சுழற்றுவதைப் படக்கதைகளில் பார்த்திருக்கிறோம் அல்லவா? ஆனால் அத்தகைய ஆயுதம் இடைக்காலத்தில் பரவலாக இருந்ததற்குச் சான்றுகள் குறைவு என்கின்றனர் சரித்திர ஆசிரியர்கள். அருங்காட்சியகங்களில் இருப்பவற்றுள் பல, 19 ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டவையாம். இதில் வியப்பில்லை. குறி தவறினால் குண்டு திரும்பி வந்து வீசியவனையே பதம் பார்த்துவிடுமே!

கடற்போரிலோ இவை உண்மையாகவே பயன்பட்டன. இரண்டு குண்டுகளைச் சங்கிலியால் இணைத்து ஒரே பீரங்கியில் இட்டுச் சுடுவார்கள். வெளியே பாய்ந்ததும் அவை விரிந்து, சுழன்று சென்று எதிரிக் கப்பலின் பாய்களையும் கயிறுகளையும் அறுத்தெறியும். அக்காலக் கப்பல்கள் காற்றால் ஓடியவை. பாய் கிழிந்தால் கப்பல் நின்றுவிடும்.

ஓடும் கப்பலை நிறுத்திய குண்டும் சங்கிலியும் மனிதனின் ஓட்டத்தையும் நிறுத்தின. கைதியின் கணுக்காலில் இரும்பு வளையம்; அதில் சங்கிலி; அதன் நுனியில் கனத்த குண்டு. அவன் நடக்கலாம், ஓட முடியாது. வேலைக்குச் செல்லும்போது குண்டைக் கையில் சுமக்க வேண்டும், அல்லது இழுத்துச் செல்ல வேண்டும். சிறைச்சாலையையே காலில் கட்டிவிட்டார்கள் எனலாம்.

பிரான்சு நாட்டின் தூலோன் துறைமுகத்தில் 1748 முதல் 1873 வரை இத்தகைய கைதிகளின் சிறை இருந்தது. அங்கே இருவர் இருவராகவும் சங்கிலியால் பிணைத்தனர். விக்டர் ஹியூகோ 1862 இல் வெளியிட்ட நாவலின் நாயகன் ழான் வால்ழான் இருந்தது இச்சிறையில்தான். கவியோகி சுத்தானந்த பாரதியார் அந்நாவலை 'ஏழைபடும் பாடு' என்று தமிழில் தந்தார். 1950 இல் அது திரைப்படமாகவும் வந்தது. தமக்கையின் பிள்ளைகளுடைய பசிக்காக ஒரு ரொட்டி திருடியவன், தப்பி ஓட முயன்றதற்கும் சேர்த்து 19 ஆண்டுகள் சிறையில் வாடினான். விடுதலையான பின்போ, காலில் சங்கிலி இல்லை. ஆயினும் ஊரார் அவனுக்குக் கதவைத் திறக்கவில்லை. இரும்புக் குண்டைவிட அதுவே கனமான குண்டு!

தூலோன் சிறைக்கு முன்பு, கைதிகளைத் துடுப்புக் கப்பல்களில் சங்கிலியிட்டுத் துடுப்பு வலிக்கச் செய்தனர். அக்கப்பல்களின் ஞான குருவாக 1619 இல் மன்னர் பதின்மூன்றாம் லூயி நியமித்தவர் புனித வின்சென்ட் தே பவுல். யாரும் நெருங்க அஞ்சிய கைதிகளை அவர் தேடிச் சென்றார். 1633 இல் புனித லூயிஸ் தெ மரியாக்குடன் சேர்ந்து அவர் தொடங்கிய சபையின் சகோதரிகளும் அக்கைதிகளுக்குப் பணிவிடை செய்தனர்.

ஆங்கிலத்தில் மனைவியைக் கேலியாகக் 'குண்டும் சங்கிலியும்' என்று சொல்வதுண்டு. விடியும் முன் எழுந்து, வீடு உறங்கிய பின் உறங்கும் நம் அன்னையரை நினைத்தால், சங்கிலி யார் காலில் இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

கைதிகளைக் கட்டுப்படுத்தச் சங்கிலி கூடாது என்று 1955 இல் ஐக்கிய நாடுகளின் விதிகள் கூறின. கைதிகளுக்கு வழக்கம்போல் விலங்கிடலாகாது என்று 1978 இல் நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. நியூயார்க்கில் 1886 இல் திறக்கப்பட்ட சுதந்திர தேவி சிலையின் பாதத்தருகே ஓர் அறுந்த சங்கிலி கிடக்கிறது. கையிலுள்ள தீபத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். காலடியில் உள்ளதைப் பார்ப்பவர் சிலரே.

தோழியரே! இரும்புச் சங்கிலியைச் சட்டம் அறுக்கலாம். தவறி விழுந்தவரை ஒதுக்கி வைக்கும் கண்ணுக்குத் தெரியாத சங்கிலியை நாம்தான் அறுக்க வேண்டும். மூடிய கதவுகளுள் ஒன்றையேனும் திறப்பவர்களாக வளர்வோமாக!