மேற்கோள் எண்ணிக்கையும் ஆய்வின் மதிப்பும்: தாமசு யங்கின் கண்ணியல் எழுத்துகள்

ஓர் ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரைகள் எத்துணை, அவற்றைப் பிறர் மேற்கோள் காட்டியது எத்துணை முறை என எண்ணி, அவ்வெண்ணைக் கொண்டு அவர்தம் தகுதியை அளக்கும் வழக்கம் இன்று பல்கலைக்கழகங்களில் வேரூன்றியுள்ளது. அறிவியற் கட்டுரைகட்கு மேற்கோள் அடைவு ஒன்று வேண்டுமென 1955இல் யூசீன் கார்பீல்டு எழுதினார். 1964இல் அது வெளிவந்தது. 2005இல் இயற்பியலறிஞர் ஹிர்ச் ஒரு குறியெண்ணை வகுத்தார். ஒருவர்தம் கட்டுரைகளுள் பத்து, ஒவ்வொன்றும் பத்து முறையேனும் மேற்கோளாகியிருப்பின், அவர் குறியெண் பத்தினை எட்டும். பணியுயர்வும் இத்தகைய எண்களைச் சார்ந்து அமையும் இந்நாளில், அவை எதனைக் காட்டும், எதனைக் காட்டா என்று தெளிதல் இன்றியமையாதது. அதன்பொருட்டுக் கண்ணியல் அறிஞர் ஒருவரின் வெளியீட்டு வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

தாமசு யங் (1773–1829) இங்கிலாந்தில் மருத்துவராக வாழ்ந்தவர். இருபது அகவை நிரம்புமுன் அவர் எழுதிய பார்வை பற்றிய கட்டுரை 1793இல் இலண்டன் இராயல் கழகத்தில் படிக்கப்பெற்றது. அண்மையையும் சேய்மையையும் கண் மாறிமாறித் தெளிவாகக் காண்பது விழிவில்லையின் வடிவ மாற்றத்தால் என்பது அதன் கருத்து. கண்ணின் அமைப்பும் இயக்கமும் பற்றி 1801இல் வெளிவந்த கட்டுரையில் இதனை அவர் நிறுவினார். கண்ணை நீரோடு பொருத்தி, முற்புறத் தெளிபடலமாகிய கார்னியாவின் ஒளிவிலக்கத்தை நீக்கிய பின்னும் அத்திறன் குன்றாமை கண்டார். ஆதலின் காரணம் கார்னியா அன்று என்பது புலனாயிற்று. தம் கண்ணிலிருந்த அஸ்டிக்மாடிசம் என்னும் குறையையும் அளந்து எழுதினார்.

1802இல் வெளிவந்த ஒளியும் நிறமும் பற்றிய கட்டுரையில், எண்ணிறந்த நிறங்கட்கெல்லாம் தனித்தனி உணர்நுண்மைகள் விழித்திரையில் அமைதல் இயலாது, மூவகையே போதும் என்றார். இக்கட்டுரை பெற்ற வரவேற்பு யாது? 1803இல் ஹென்றி புரூம் எடின்பரோ ரிவியூ இதழில் இதனைக் கடுமையாகத் தாக்கினார். எண்ணிக்கை நோக்கில் இத்தாக்குதலும் ஒரு மேற்கோளே. அதன்பின் மூவகைக் கொள்கை நெடுங்காலம் போற்றுவாரின்றிக் கிடந்தது. 1850க்குப் பின்னரே ஹெல்ம்ஹோல்ட்சும் மாக்ஸ்வெல்லும் அதனை மீட்டனர். ஹெல்ம்ஹோல்ட்சு 1852இல் முதற்கண் ஏற்க மறுத்துப் பின்னர் உடன்பட்டவர். மனித விழித்திரையின் கூம்பணுக்களில் மூவகை நிறமிகள் உள என்பது ஒளி உறிஞ்சலை அளந்து 1964இல் நேராக உறுதிப்பட்டது. இதழ்களின் தாக்க எண்ணைக் கணிப்போர் வழக்கமாக நோக்குவது முந்திய ஈராண்டுக் கட்டுரைகளையே. யங்கின் கருத்துக்கோ அரை நூற்றாண்டு வேண்டியிருந்தது.

கருதத்தக்க பிறிதொன்றும் உண்டு. 1807இல் யங் இரு தொகுதிகளாக வெளியிட்ட இயற்கைத் தத்துவ விரிவுரைகளின் இரண்டாம் தொகுதியில் பெரியதொரு நூற்பட்டியல் உள்ளது. அதில் டால்டன் தம் நிறக்குறை பற்றி எழுதிய கட்டுரையைச் சுட்டுமிடத்து, சிவப்பை உணரும் இழைகள் விழித்திரையில் இல்லாமையே காரணமாகலாம் என ஒரு குறிப்பு வரைந்தார். எஞ்சியிருந்த டால்டன் கண்ணின் மரபணுவை 1995இல் சோதித்தபோது, இல்லாதது சிவப்பன்று, நடுத்தர அலைநீளத்திற்குரிய நிறமி எனத் தெரிந்தது. எந்நிறம் என்பதில் யங் தவறினும், ஒருவகை உணர்வி இன்மையே காரணம் என்ற நெறியில் தவறவில்லை. கட்டுரைகளை மட்டும் எண்ணும் அடைவில் இத்தகைய குறிப்புக்கு இடமில்லை.

மொழிநூலார்க்கும் யங் அயலார் அல்லர். 'இந்தோ-ஐரோப்பியம்' என்னும் பெயரை 1813இல் குவார்ட்டர்லி ரிவியூ இதழில் முதன்முதல் ஆண்டவர் அவரே. அம்மதிப்புரை பெயரின்றி வெளிவந்தமையின், ஆசிரியர் பெயர் கொண்டு தொகுப்போர் அதனைத் தவறவிடுதல் எளிது. இன்று அச்சொல்லை ஆள்வோரும், யங்–ஹெல்ம்ஹோல்ட்சுக் கொள்கை எனப் பாடம் நடத்துவோரும் மூலக் கட்டுரையைச் சுட்டுவது அரிது. ஒரு கருத்து அனைவர்க்கும் பொதுவுடைமையானபின் அதற்கு மேற்கோள் குறைதல் இயல்பு; அக்குறைவு வெற்றியின் அடையாளமேயன்றிச் சிறுமையன்று.

காக்கைபாடினியம் போன்ற மறைந்த நூல்களை உரைகளில் வரும் மேற்கோள்களால் அறியும் நாம், அவற்றின் தொகையோடு அமைவதில்லை. உடன்பட்டுக் காட்டினாரா, மறுக்கக் காட்டினாரா, எப்பொருட்கு எடுத்தாண்டார் என்றே வினவுகின்றோம். அவ்வினாக்களை இற்றை ஆய்வாளர் பட்டியலுக்கும் எழுப்புதல் தகும். எண் ஒரு கருத்து எவ்வளவு பரவிற்று என்பதைக் காட்டும். அதன் உண்மையைக் காட்டாது. ஆதலின் தேர்வுக் குழுவினர் எண்ணை நோக்குமுன் கட்டுரைகளைப் படித்தல் வேண்டும் என்பதே எம் முடிபு.