மண்ணீரலில் ஓர் ஆம்பல்

ஆட்டு மந்தையும் காவல் நாயும் மனிதனும் ஒட்டி வாழ்கின்ற துனிசியா முதலிய மத்தியதரைக்கடல் நாடுகளில், நாயின் சிறுகுடலில் வாசம் செய்யும், சில மில்லிமீட்டரே நீளமுள்ள ஒரு நாடாப்புழுவின் முட்டைகள் மண்ணிலும் புல்லிலும் சிந்தி, ஆட்டின் வயிற்றை அடைய வேண்டியவை சில வேளைகளில் மனிதன் வயிற்றுக்குள் போய்விடுகின்றன. முட்டையிலிருந்து வெளிப்பட்டு, குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலக்கும் கருவைப் பெரும்பாலும் கல்லீரல் மறித்துக்கொள்ளும். அதற்குத் தப்பியதை நுரையீரல் பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டு சுங்கச்சாவடிகளையும் ஏமாற்றிய வெகு சிலவே மண்ணீரலுக்கு வந்து சேர்வதால், அந்தக் கரு வளர்ந்து உண்டாகும் நீர்க்கட்டி அங்கே அபூர்வமாகவே காணப்படுகிறது. வந்தது அவசரப்படுவதில்லை. வருஷக்கணக்கில் மெல்ல வளர்ந்து, இடது விலாவின் கீழே ஒரு கனமாகத் தோன்றும். பலருக்கு அதுவும் தோன்றாமல், வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் அகப்படும்.

கட்டியென்றால் ஊசியால் நீரை உறிஞ்சிப் பார்ப்போமே என்று நமக்குத் தோன்றலாம்; ஆனால் அந்த நீர் வயிற்றறைக்குள் கசிந்தால் பிராணாபாயமான ஒவ்வாமை அதிர்ச்சி உண்டாவதோடு, புதிய கட்டிகளுக்கும் அதுவே வித்தாகிவிடும். ஆகவே கண்தான் முந்த வேண்டும். துனிசிய மருத்துவர் கர்பியும் அவருடைய சகாக்களும் 1981-ல் அல்ட்ராசவுண்ட் படங்களைக்கொண்டு கல்லீரல் கட்டிகளை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு பின்னர் அவ்வகைகளைப் புழுவின் ஜீவதசைக்கு ஏற்ப வரிசைப்படுத்தியது.

மண்ணீரலிலும் அதே வரிசைதான்: இளங்கட்டி படத்தில் கருநிறத் தெளிநீர் நிறைந்த வட்டம். நோயாளியைப் புரண்டு படுக்கச் சொன்னால், பானையடியில் தங்கிய மண்டி கலங்கி எழுவதுபோல் உள்ளே நுண்துகள்கள் எழுந்து மிதக்கும். பிறகு தாய்க்கட்டிக்குள் சேய்க்கட்டிகள் நெருங்கித் தேனடையாகும். உட்சவ்வு கழன்று நீரில் துவண்டு மிதக்கும் கட்டத்துக்கு மருத்துவர்களே ஆம்பலின் பெயரை இட்டிருக்கிறார்கள். வியாதிக்கு இத்தனை அழகான பெயர் வேண்டியதில்லைதான். முதிர்ந்த கட்டியின் சுவரில் படியும் சுண்ணாம்பைச் சி.டி. ஸ்கேன் துலக்கமாகக் காட்டும். சிறிது சுண்ணாம்பு தெரிந்த மாத்திரத்திலேயே புழு மாண்டதென்று முடிவு கட்டலாகாது.

வெறும் வட்டமாகத் தெரிகையில்தான் சங்கடம். பிறவியிலேயே உண்டான கட்டியும், எப்போதோ பட்ட அடியால் இரத்தம் தேங்கி உருவான கட்டியும் அப்படியே தோன்றும். அப்போது அனுபவமுள்ள மருத்துவர் மண்ணீரலை விட்டுக் கருவியை வலப்பக்கம் நகர்த்தி, கல்லீரலிலும் ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டே, வீட்டில் நாய் வளர்த்ததுண்டா என்று விசாரிப்பார்.