‘அவன்’ என்பதில் அவளும் அடக்கமா?

ஆண்பாற் சொல் பெண்பாலையும் உள்ளடக்கும் என்பது நம் தேசத்தில் வெறும் வழக்கன்று; சட்டங்களுக்குப் பொருள்கொள்ளும் முறையை வகுத்த 1897ஆம் ஆண்டுப் பொதுக் கூறுகள் சட்டத்தின் 13ஆம் பிரிவிலே, பொருளுக்கோ சந்தர்ப்பத்துக்கோ விரோதமில்லாதபோது என்ற நிபந்தனையுடன் எழுதிவைக்கப்பட்ட விதி. அந்த நிபந்தனையின் வலிமையை, சட்டம் படித்துத் தேறி அலிப்பூர் நீதிமன்றத்தில் வக்கீலாக விண்ணப்பித்த ரெஜினா குஹா 1916இல் அறிந்துகொண்டார். 1879ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டம் ‘நபர்’ என்று பொதுவாகவே பேசியிருந்தும், அதில் வரும் ஆண்பாற் சுட்டு பெண்ணைத் தழுவாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கூடித் தீர்ப்பளித்தார்கள். 1921இல் பாட்னாவில் சுதாம்சுபாலா ஹஸ்ராவுக்கும் அதே கதி. அலகாபாத் அவ்வாண்டே கார்னீலியா ஸொராப்ஜியை ஏற்றுக்கொண்டதென்றாலும், தடை முற்றும் நீங்க 1923இல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது.

இதில் விசித்திரம் என்னவெனில், 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 8ஆம் பிரிவும் ஆண்பாற் சுட்டு இருபாலாரையும் குறிக்கும் என்றுதான் சொல்லிற்று. ஆனால் அங்கே சந்தர்ப்பம், விரோதம் என்ற பேச்சே இருக்கவில்லை. சிறைக்கு அவள் தாராளமாக அடக்கம்; கறுப்பு அங்கிக்குத்தான் ஆராய்ச்சி!

நீதிபதிகளை மட்டும் குறை கூறுவதற்கில்லை. வாசகர் மனமும் அப்படித்தான் இயங்குகிறது. பாஸ்கல் கிகாக்ஸ் என்னும் உளவியலாளரும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தொழிலாரை ஆண்பாற் பன்மையில் குறித்த வாக்கியத்தை அடுத்து, அவர்களுள் சிலர் பெண்கள் என்றோ சிலர் ஆண்கள் என்றோ தொடரும் வாக்கியத்தைத் தந்து, இது பொருந்துமா என்று வினவினார்கள். பிரெஞ்சும் ஜெர்மனும் படித்தோர், பெண்களே மிகுதி என்று கருதப்படும் தொழில்களிலுங்கூட, ஆண்களைக் கூறிய தொடர்ச்சியையே எளிதில் ஏற்றனர். பெயர்ச்சொல்லில் பால் விகுதியற்ற ஆங்கிலத்திலோ அத்தொழிலைப் பற்றிய உலக எண்ணமே வழிகாட்டிற்று.

தமிழுக்குத் தொல்காப்பியமே பலர்பால் என்று ஒன்றை வகுத்துத் தந்திருப்பதால், ஆசிரியர், மருத்துவர், வழக்கறிஞர் என்று இருபாலாரையும் மரியாதையோடு சொல்ல நமக்குப் புதுச்சொல் ஆக்கும் சிரமமில்லை. அப்படியிருந்தும் குடிமகன், மனிதன் என்றே எழுதிச் செல்வது, என் அபிப்பிராயத்தில், சோம்பலேயன்றி வேறில்லை. ஆனால் விகுதியை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் அதிக ஆசை. விவசாயி என்ற சொல்லில் ஆண் விகுதி ஏதுமில்லை. என்றாலும் சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவளை நம் பத்திரிகைகள் விவசாயக் கூலிப் பெண் என்கின்றனவேயன்றி, விவசாயி என்று சொல்வது அபூர்வம்.