தள்ளுபடி கொடுத்ததற்காக மூடவைக்கப்பட்ட மருந்துக் கடைகள்... சங்கத்தோடு மோதிய சின்ன வியாபாரிகள்!

அம்மாவுக்கு பி.பி மாத்திரை, அப்பாவுக்கு சுகர் மாத்திரை. மாசம் பிறந்தால் மெடிக்கல் ஷாப்புக்குப் போகாத வீடு குறைவு. வாசலில் '20% தள்ளுபடி' போர்டு தொங்கினால் கால் தானாக அங்கே திரும்பிவிடும். நமக்கு அது சாதாரண போர்டு. ஆனால், அந்தத் தள்ளுபடிக்காகவே கடையை இழுத்து மூடவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்ட கடைக்காரர்கள் மேற்கு வங்கத்தில் இருந்தார்கள். மூடச் சொன்னது அரசாங்கம் அல்ல, அவர்களுடைய சொந்தச் சங்கம்!

எம்.ஆர்.பி என்பது அதிகபட்ச விலைதான். அதற்கு மேல் விற்றால் குற்றம். கீழே விற்பது கடைக்காரர் இஷ்டம். வங்காள மருந்து வணிகர் சங்கமோ, எல்லோரும் எம்.ஆர்.பி-க்கே விற்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. மீறுபவர்களைப் பிடிக்கக் கண்காணிப்பு நடத்தியது. சிக்கிய கடைகளைத் தண்டனையாக மூடவும் வைத்தது. விஷயம், வணிகப் போட்டியில் முறைகேடு நடந்தால் தட்டிக்கேட்கும் மத்திய அமைப்பான இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனது. 2014 மார்ச்சில் சங்கத்துக்கும் நிர்வாகிகளுக்கும் அபராதம் விதித்தது ஆணையம்.

சங்கம் ஏன் இப்படி நடந்துகொண்டது? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளுக்கு, சில்லறைக் கடைக்காரரின் லாபம் 16 சதவிகிதம் என்கிறது 2013-ம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை. மற்ற மருந்துகளில் 20 சதவிகிதம் என்பது நடைமுறை. கடை வாடகை, ஃப்ரிட்ஜ் ஓடும் கரன்ட் பில், பார்மசிஸ்ட் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான். மொத்தமாகக் கொள்முதல் செய்யும் பெரிய செயின் கடை 20 சதவிகிதம் தள்ளுபடி கொடுத்தால் தாங்கும். பக்கத்துத் தெரு ஒற்றைக் கடை அதையே செய்தால் கல்லாவில் என்ன மிஞ்சும்? ஒருவர் விலையைக் குறைத்தால் எல்லோரும் குறைக்க வேண்டிவரும் என்ற பயம் பொய்யல்ல.

இதே பயம்தான் ஆன்லைன் மருந்து விற்பனைக்கு எதிராகவும் கிளம்பியது. 2017 மே 30, 2018 செப்டம்பர் 28 ஆகிய நாள்களில் நாடு தழுவிய கடையடைப்பு நடந்தது. தமிழ்நாடு மருந்து வணிகர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2018 டிசம்பரில் ஆன்லைன் விற்பனைக்குத் தடையும் வாங்கியது. சில வாரங்களிலேயே இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நிறுத்திவைத்தது.

ஆனால், பெரியவர்களை எதிர்க்கத் தூக்கிய அதே கம்பு, சொந்த உறுப்பினரின் முதுகிலும் விழுந்ததுதான் பிரச்னை. தள்ளுபடி மட்டுமல்ல, புதிதாகத் தொழிலுக்கு வருவதற்கே சங்கத்தின் தலையசைப்பு தேவைப்பட்டது.

கேரளாவில் ஒரு சிறு மருந்து வியாபாரியைப் பெரிய மருந்து நிறுவனம் ஒன்று ஸ்டாக்கிஸ்ட்டாக நியமித்தது. நியமனம் கிடைத்தும் சரக்கு வரவில்லை. மாநிலச் சங்கத்திடம் என்.ஓ.சி வாங்கவில்லை என்பதே காரணம் என்று அவர் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். டிரக் லைசென்ஸ் கொடுப்பது அரசு. கடை நடத்த என்.ஓ.சி கேட்பது சங்கமா? 2015 டிசம்பரில் ஆணையம் சங்கத்துக்கு அபராதம் விதித்தது. மருந்து நிறுவனத்துக்கு விதித்ததோ 74 கோடி ரூபாய்க்கு மேல்! அடுத்த வருடமே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நிறுவனத்தின் அபராதத்தை ரத்து செய்துவிட்டது தனிக்கதை.

கோவாவில் கடைக்காரர்களே முந்திக்கொண்டார்கள். வார்கா என்ற ஊரின் பெயரில் இயங்கிய ஒரு மருந்துக் கடையும் வேறு சிலரும் சேர்ந்து, என்.ஓ.சி உள்ளிட்ட சங்கத்தின் விதிகளை எதிர்த்தார்கள். 2012-ல் அந்தச் சங்கத்துக்கு 2 லட்சம் ரூபாய் அபராதம் விழுந்தது.

சங்கமே வேண்டாம் என்று போட்டி ஆணையம் சொல்லவில்லை. சங்கம் வைக்கலாம், கோரிக்கை வைக்கலாம், அரசிடம் போராடலாம். விலையைக் கட்டிப்போடுவதும், வியாபாரிக்குச் சரக்கு வராமல் தடுப்பதும்தான் சட்டப்படி தப்பு.

அப்படியானால் பிடிக்காத கடைக்காரர் சங்கத்தைவிட்டு விலகிவிடலாமே? அவ்வளவு எளிதல்ல. கடையின் மூலையில் இருக்கும் அட்டைப்பெட்டியைப் பாருங்கள். விற்காமல் தேதி முடிந்த மாத்திரை ஸ்ட்ரிப்புகள் அதில்தான் சேரும். அவற்றைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தராவிட்டால் நஷ்டம் முழுக்கக் கடைக்காரர் தலையில். தனி ஆளாக அவர் போன் போட்டால் கம்பெனிக்காரர்கள் அசைய மாட்டார்கள். சங்கம் பேசினால் கதை வேறு. தள்ளுபடி விஷயத்தில் சங்கத்தோடு முறைத்துக்கொண்டவரும், அடுத்த மாதம் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே சங்க அலுவலகப் படியைத்தான் ஏற வேண்டியிருக்கிறது.