ஒரே தட்டு, நாலு கை



ஓட்டலுக்குப் போனால் ஆளுக்கு ஒரு இலை, ஆளுக்கு ஒரு தட்டு. அதுதான் நமக்குப் பழக்கம். நாலு பேர் போய் உட்கார்ந்தாலும் ஒரே ஒரு பெரிய தட்டுதான் வரும் என்றால் எப்படி இருக்கும்? எத்தியோப்பியா நாட்டு ஓட்டல்களில் அப்படித்தான் பரிமாறுகிறார்கள். அங்கே என்ன கிடைக்கும், எப்படிச் சாப்பிடுவது, அதில் நம் குழுக்களுக்கு என்ன பாடம் என்று இந்த இதழில் பார்ப்போம்.

எத்தியோப்பியா எங்கே இருக்கிறது?

ஆப்பிரிக்காக் கண்டத்தின் கிழக்குப் பக்கம் இருக்கிறது. தலைநகரம் அடிஸ் அபாபா. நாம் குடிக்கிற காப்பிக்குத் தாய்வீடு அந்த நாடுதான். நம்ம கேழ்வரகும் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தில் முதலில் பயிராகி, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவுக்கு வந்ததுதான்.

1974ல் அங்கே மன்னர் ஹைலி செலாசியின் ஆட்சி கவிழ்ந்து, ராணுவ ஆட்சி வந்தது. பலர் உயிருக்குப் பயந்து வெளிநாடு போனார்கள். போன இடத்தில் பிழைக்க அவர்களில் பலருக்குக் கைகொடுத்தது வீட்டுச் சமையல்தான். அமெரிக்காவின் வாஷிங்டன் நகரத்தில் இப்படி நிறைய ஓட்டல்கள் வந்தன. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில், இவர்களுடைய ஓட்டல்கள் இருக்கும் தெருப் பகுதிக்கு 2002ல் ‘குட்டி எத்தியோப்பியா’ என்றே பெயர் வைத்தார்கள்.

தட்டில் என்ன வரும்?

முதலில் கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். பிறகு புல்லால் முடைந்த, மேசை உயரக் கூடையின் மேல் பெரிய தட்டை வைப்பார்கள். அதில் விரித்திருப்பது ‘இன்ஜெரா’. நம்ம ஆப்பம், தோசை மாதிரிதான். ஆனால் அரிசி இல்லை. ‘டெஃப்’ என்ற சிறுதானியம். கேழ்வரகை விடவும் பொடிசு. இரும்புச் சத்து உள்ளது. மாவைக் கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்து, அகலமான மண் கல்லில் ஊற்றி, மூடி போட்டு, ஒரு பக்கம் மட்டும் வேகவிடுவார்கள். ஆப்பம் மாதிரியே கண் கண்ணாக வரும்.

இன்ஜெராவின் மேலேயே மசூர் பருப்புக் குழம்பு, கடலை மாவுக் குழம்பு, கீரை, கோழிக் குழம்பு எல்லாவற்றையும் சின்னச் சின்னக் குவியலாக வைப்பார்கள். மிளகாய் போட்ட காரம் நமக்குப் பழகின காரம்தான். புதன், வெள்ளியில் அங்கே உள்ள கிறிஸ்தவர்களில் பெரும்பாலானோர் கறி, முட்டை, பால் எதுவும் தொடாமல் விரதம் இருப்பதால், சைவச் சாப்பாடும் நிறைய வகை உண்டு.

எப்படிச் சாப்பிடுவது?

ஸ்பூன் கிடையாது. வலது கையால் இன்ஜெராவைப் பிய்த்து, குழம்பைச் சுருட்டி எடுத்து வாயில் போட வேண்டியதுதான். சுற்றி உட்கார்ந்த எல்லாரும் ஒரே தட்டில் அவரவர் பக்கம் இருந்து எடுப்பார்கள். அன்பு காட்ட, ஒரு கவளத்தைச் சுருட்டிப் பக்கத்தில் இருப்பவர் வாயில் ஊட்டியும் விடுவார்கள். இதற்கு ‘குர்ஷா’ என்று பெயர். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால் ஊட்டுகிறவருக்கு வருத்தம்.

சாப்பாடு முடிந்ததும் காப்பி. பச்சைக் கொட்டையை நம் கண் முன்னாடியே வறுத்து, இடித்து, மண் கூஜாவில் கொதிக்க வைத்து மூன்று சுற்று ஊற்றுவார்கள். பெரும்பாலும் பெண்கள்தான் இதைச் செய்வார்கள். அந்த நேரம் ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாம் பேசித் தீர்ப்பார்கள்.

அங்கேயும் சீட்டு உண்டு

நம்மைப் போலவே அவர்களும் கூட்டாகச் சேமிக்கிறார்கள். ‘எக்குப்’ என்பது நம்ம சீட்டு மாதிரி. எல்லாரும் பணம் போட்டு, முறை வைத்து ஒருவர் எடுப்பார். ‘இத்திர்’ என்பது சாவு வீட்டுச் செலவுக்கும் வேலைக்கும் கைகொடுக்கிற அமைப்பு. கூடிச் சாப்பிடுவதும் கூடிச் சேமிப்பதும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

ஆனால் எல்லாருக்கும் அந்தத் தட்டு உண்டா?

இதையும் சொல்லத்தான் வேண்டும். அதே நாட்டின் தென்மேற்கில் கஃபா என்று ஒரு பகுதி இருக்கிறது. காப்பிக்குப் பேர்போன இடம். அங்கே மன்ஜோ என்ற சமூகத்தாரோடு மற்றவர்கள் உட்கார்ந்து சாப்பிடாத வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்தது. தெற்குப் பகுதிகள் சிலவற்றில் மண்பாண்டம் செய்கிறவர்களையும் இப்படித்தான் ஒதுக்கினார்கள். அவர்கள் செய்த மண்கல் வேண்டும், மண்கூஜா வேண்டும், அவர்கள் மட்டும் பக்கத்தில் உட்காரக் கூடாது! படிக்கும்போதே எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது அல்லவா?

நம்ம கதை

சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளைச் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார வைத்துச் சோறு போட்டதை எதிர்த்துப் பெரியாரும் மற்றவர்களும் போராடி, நூறு வருஷம் ஆகிவிட்டது. அரசியல் சட்டத்தின் 17வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. பள்ளிக்கூடச் சத்துணவில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். 2022 செப்டம்பர் 15ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அதில் சமைப்பவர்கள் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். அப்படி இருந்தும், சமைக்கிற பெண்ணின் சாதியைச் சொல்லி, சில ஊர்களில் பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை என்று 2023ல் பேப்பரில் செய்தி வந்தது. அடுப்படியில் புகையில் நின்ற அந்தச் சகோதரிக்கு எப்படி இருந்திருக்கும்?

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

விராலிமலை வட்டாரத்தில் இருக்கும் நம் குழுக்கள் இந்தக் கேள்விகளைப் பேசிப் பார்க்க வேண்டும்:

• நம் குழுக் கூட்டம் எப்போதும் ஒரே தெருவில்தான் நடக்கிறதா?
• எல்லா உறுப்பினர் வீட்டுத் தண்ணீரையும் டீயையும் எல்லாரும் குடிக்கிறோமா?
• கூட்டமைப்புக் கூட்டத்தில் மதியச் சாப்பாட்டுக்கு யார் யாரோடு உட்காருகிறோம்?

ஒரே நோட்டில் நம் எல்லார் பேரும் இருக்கிறது. ஒருவர் வாங்கிய கடனுக்கு மற்றவர் பொறுப்பு ஏற்றுக் கையெழுத்துப் போடுகிறோம். பணத்தில் இருக்கிற நம்பிக்கை சாப்பாட்டிலும் வர வேண்டாமா? அடுத்த மாதக் கூட்டத்தை இதுவரை போகாத தெருவில் வையுங்கள். ஆளுக்கு ஒரு பிடி மாவு போட்டுக் கேழ்வரகு அடை சுடுங்கள். ஒரே தாம்பாளத்தில் வைத்து எல்லாரும் பிய்த்துச் சாப்பிடுங்கள். யார் எடுத்தார்கள், யார் தயங்கினார்கள் என்று கூட்டத்திலேயே மனம் விட்டுப் பேசுங்கள். என்ன நடந்தது என்று நம் இதழுக்கு எழுதுங்கள்.

கூடி உண்போம்! கூடி உயர்வோம்!